பத்துக்கு ரெண்டு

செத்துக் கிடந்த செங்கோட்டையனின் உதட்டை நனைக்க, தமிழரசு குவார்ட்டர் பாட்டிலின் மூடியைத் திருகினான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி மதுமதி கையை நீட்டித் தடுத்தாள்.

"வேண்டாம் தம்பி."

"எங்கண்ணனுக்குப் புடிச்சதுங்க நங்கையா. கடைசியா ரெண்டு சொட்டு." கொழுந்தனின் மூச்சிலும் அதே வாசம்தான் அடித்தது.

"அவரு உட்டுட்டாரு."

"ஈரல் வெந்து செத்தவன் எப்ப உட்டான்?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

போர் போடும் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று அவன் அலைந்த காலமெல்லாம் குடித்ததை ஊரே பார்த்திருக்கிறது. விட்டதைப் பார்த்தவள் மதுமதி மட்டும்தான்.

போன கோடையில் அவன் கால்புண் ஆறவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, குடியை விட ஆலோசனை சொல்லும் மைதிலியிடம் அனுப்பினார். அந்தப் பெண் திட்டவில்லை.

"குடிய உடோணும்கற எண்ணம் பத்துக்கு எத்தனை இருக்குதுங்கண்ணா?"

"ரெண்டு" என்று சிரித்தான். மதுமதிக்கு மானம் போயிற்று.

"ரெண்டு இருக்குதுங்களா? ஏன் சைபர்னு சொல்லலீங்க?"

திரும்பி வருகையில், பஸ் திருச்செங்கோட்டைத் தாண்டிய பிறகு, சன்னலைப் பார்த்துக்கொண்டே, "சைபர்னு சொல்ல வாய் வல்ல புள்ள" என்றான். அடுத்த முறை கிளம்பு கிளம்பு என்று அவளை அவசரப்படுத்தியது அவன்தான்.

ஆடி நோம்பியன்று ஒருதரம் தவறிக் குடித்துவிட்டான். இனி அந்தப் பொண்ணு மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று படுத்துக்கொண்டான். மைதிலியே போனில் கூப்பிட்டாள். "உழுந்தா எந்திரிச்சு வாங்க. அவ்வளவுதானுங்களே." போனான். ஐப்பசி பிறந்தபின் தொடவே இல்லை. ஈரல்தான் அவனுக்காகப் பொறுத்திருக்கவில்லை.

இதையெல்லாம் கூடியிருக்கும் சனத்துக்கு எப்படிச் சொல்வது?

"ஒரு சொட்டுப் பட்டாலும் அவரு பட்ட பாடெல்லாம் இல்லைன்னு ஆயிரும் சாமி" என்றாள்.

தமிழரசு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூடியைத் திருகி மூடினான். மதுமதி துணியைப் பாலில் நனைத்து உதட்டில் வைத்தாள்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் தலைமுழுகி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். தமிழரசு மட்டும் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"நங்கையா, அண்ணனப் போன்ல கூப்டாங்களே, அந்த மைதிலியம்மா, ஆசுபத்திரிக்கு எந்தக் கெழம வருவாங்க?"

"செவ்வாக்கெழம."

"சும்மா கேட்டேனுங்க."

அவள் காப்பி ஊற்றி நீட்டினாள். இரண்டு கைகளாலும் வாங்கினான். அப்படியும் டம்ளர் ஆடி, காப்பி விரல்மேல் வழிந்தது. மதுமதி டம்ளரை வாங்கி, பாதியை வேறொன்றில் ஊற்றிவிட்டு, மீதியைத் திரும்ப அவன் கையில் கொடுத்தாள்.