இரண்டு தங்கக் கோடுகளுக்குக் குறுக்கே

உலை வளர்த்த படிகங்களில் மிஞ்சியது ஒன்றுதான். அதையும் அவள் இந்த முறை பிளந்து தீர்த்துவிட்டாள்.

உலை என்பது அவள் கணவனுக்கு ஆய்வகம் வைத்த பெயர். அடித்தளத்தில் உலையே கதியென்று கிடந்து, செம்பும் ஆக்சிஜனும் கலந்த கறுப்புப் படிகங்களை வளர்த்தவன். திரவ நைட்ரஜன் குளிரிலேயே அவற்றில் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். மழைக்காலத்தில் ஒரு லாரி அவன்மேல் ஏறியது. அவள் அழவில்லை. காரியங்கள் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள்.

பென்சில் கரியான கிராஃபைட்டை டேப்பால் உரித்து உரித்து ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அப்படி வரும் ஏடுதான் கிராபீன். அதில் தடை குறைவு, ஆனால் ஒருபோதும் பூஜ்யமாகாது. உலையின் படிகத்தோடு ஒட்டவைத்தால் அந்தக் குணம் இதற்கும் தொற்றுமா? இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் தேடினார்கள்.

தொற்றியது. திரையில் தடையைக் காட்டும் கோடு சரிந்து அடித்தட்டில் போய்ப் படுத்தது.

"பூஜ்யம்! மேடம், சுத்தப் பூஜ்யம்!" என்று ஜுரம் கத்தினான். வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்காத ஆய்வு மாணவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

பேராசிரியை அவள் தோளில் கை வைத்தார். "கட்டுரையில உன் புருஷன் பேருதான் முதல்ல. இதுல பேச்சே இல்ல."

அவள் தலையாட்டினாள். தோளில் இருந்த கை கனமாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

வீட்டில் மாமியார் அதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அச்சுல வருமா?"

"வரும் அத்தை."

"உலகமே படிக்குமா?"

"உலகத்துல ஒரு முந்நூறு பேர் படிப்பாங்க."

"போதும்டி. கல்யாணப் பத்திரிகையில அவன் பேரைத் தப்பா அடிச்சான். சாவுச் சீட்டுலயும் தப்பா அடிச்சான். இதுலயாவது ஒழுங்கா அடிக்கட்டும்." அன்று மாலைக்குள் அடுக்குமாடியின் எல்லா மாடிக்கும் சேதி போய்விட்டது.

கட்டுரைக்கு நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியை. அவள் இரண்டையும் ஒட்டவைத்த சிலிக்கன் சில்லை நுண்ணோக்கியில் வைத்தாள். நடுவில் படிகத்துண்டு, அதன்மேல் பாதி படர்ந்த கிராபீன். அளப்பதற்கான தங்கக் கோடுகள் கிராபீனின் மறுபாதியைத் தொட்டு வெளியே ஓடின. விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது, கிராபீனின் விளிம்புக்கு அப்பால், இரண்டு தங்கக் கோடுகளுக்குக் குறுக்கே மயிரிழை போல ஏதோ கிடந்தது.

படிகத்தின் சிம்பு, சிராய் போன்ற துண்டு. பிளக்கும்போது தெறித்திருக்கிறது.

படிகத்தின் பிளந்த முகம் சூடுபட்டால் ஆக்சிஜனை இழந்து செத்துவிடும். அதனால் குளிர்ப்பெட்டிக்குள் பிளந்த கையோடு கிராபீனைப் போர்த்திவிடுவார்கள். நின்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடையாது. இது கடைசிப் படிகம் என்பதால் அவள் இன்னும் அவசரப்பட்டிருந்தாள். மின்சாரம் கிராபீன் பக்கமே போகாமல் சிம்பு வழியாகக் குறுக்கே போயிருந்தால்?

ஜுரத்தைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு கேட் வோல்டேஜை மாத்திப் பார்த்தியா?"

"எதுக்குக்கா? பூஜ்யம் வந்தாச்சே."

"மாத்திப் பாரு."

சில்லை மறுபடி குளிரவைத்து, கோடு விழுகிற சரிவிலேயே வெப்பத்தை நிறுத்தினார்கள். கேட் என்பது அடியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தம். அதைக் கூட்டிக் குறைத்தால் கிராபீனில் தடை ஏறும், இறங்கும். படிகம் அசையாது. ஜுரம் கூட்டினான், குறைத்தான். கோடு இம்மியும் நகரவில்லை. அப்படியென்றால் மின்சாரம் கிராபீனில் ஓடவே இல்லை.

ஜுரத்துக்கு முகம் வெளுத்தது. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். உலை அண்ணன் பேரு... விடுங்களேன்."

விட்டுவிடலாம். யாரும் இப்போதைக்குக் கேட்கப்போவதில்லை. மாமியார் முகம் நினைவுக்கு வந்தது. உலையின் முகத்தை வரவழைத்துப் பார்த்தாள். அடித்தளத்து உலையின் கதவும் அவன் கையுறையும்தான் வந்தன.

"ஊசி எங்க?" என்றாள்.

"சிம்பை எடுத்துட்டா இனிமே ஒட்டவைக்க முடியாதுக்கா."

"தெரியும். போய் மேடத்தைக் கூட்டிட்டு வா."

பேராசிரியை வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "எடு," என்றார் கடைசியில்.

அவள் கண்ணாடி ஊசியைத் திருகால் இறக்கி, சிம்பை நெம்பினாள். சிம்பு துள்ளி எங்கோ போனது. மீண்டும் குளிரவைத்தார்கள். கோடு இறங்கி வந்தது. முன்பு விழுந்த இடத்தில் லேசாக வளைந்தது, பிறகு பூஜ்யத்தைத் தொடாமல் மேலேயே நின்றுவிட்டது.

"வளையுது பாருங்க!" என்றான் ஜுரம்.

"வளைவை வச்சு என்ன பண்றது? கோலமா போடறது?" என்றார் பேராசிரியை. பிறகு அவளிடம் திரும்பி, "கட்டுரை கிடையாதும்மா," என்றார்.

"சரி மேடம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள். தள்ளிப்போட ஒரு காரணமும் தோன்றவில்லை. "அத்தை, அவர் பேரு வராது. நான்தான் சரியா பார்க்கல. பூஜ்யம் கிராபீனோடது இல்ல."

மாமியார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நாலு மாடிக்கும் சொல்லித் தொலைச்சேனே."

"ம்."

"அப்ப கரன்ட்டு எதுல ஓடுச்சு?"

"அவர் கல்லுல. தெறிச்ச ஒரு துண்டுல."

"அது மட்டும் நல்லா ஓடுச்சா?"

"தடையே இல்லாம."

"அது எங்க இப்ப?"

"தெரியல அத்தை. ஊசி பட்டதும் துள்ளிடுச்சு."

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் தட்டு வைத்தாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் இன்னொரு வாய் எடுத்து மென்று பார்த்தாள். "தெரியல அத்தை," என்றாள்.