மெக்கானிக் வராத அறை

லிஃப்ட்டக்காவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஆலோசனை மையத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், குடித்த டம்ளரைக் கழுவினாள், கழுவிய டம்ளரில் மறுபடி தண்ணீர் பிடித்தாள். வரவேற்பு மேசைப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்காருங்கள் அக்கா என்று சொல்லியே விட்டாள். உட்கார்ந்தாள். கால் மட்டும் உட்காரவில்லை. வலது குதிகால் தையல் மெஷினை மிதிப்பதுபோலத் தரையை அடித்துக்கொண்டே இருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் கண்ணாடிக் கடைப் பெண் வருவாள். அவளுக்கு லிஃப்ட்டக்கா ஒரு பெரிய தப்புச் செய்திருந்தாள். அதை அவள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான், நாற்பத்தைந்து வயதில் வேலையை உதறிவிட்டு வந்த இந்தத் தொழிலில் தனக்கு இடம் உண்டா இல்லையா என்பது தெரியும். கைப்பையில் இருந்த போன் வேறு அவ்வப்போது துடித்தது. பழைய ஆபீஸ் மேலாளர். "உங்க நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு, நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்று நேற்றே சொல்லிவிட்டிருந்தார். அவள் எடுக்கவில்லை.

லிஃப்ட்டக்கா என்பது மெக்கானிக்குகள் வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனி ஒன்றின் அவசர உதவி மேசையில் அவள் பல வருஷம் குப்பை கொட்டியிருந்தாள். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது அவள் காதில்தான். ஒரு பக்கம் மெக்கானிக்கை விரட்டுவாள், இன்னொரு பக்கம் மாட்டிக்கொண்டவரைப் பேச்சில் கட்டிப்போடுவாள். வெளியே இருக்கிற எல்லோரும் வேலை பார்த்தாக வேண்டும், உங்களுக்கு மட்டும்தான் சார் இன்றைக்கு லீவு என்பாள். அலறிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிடுவார். அந்த மேசைக்கு ஒரே ஒரு விதி. லைனில் சத்தம் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்திருக்கலாம். ஆகவே பேசு, பேசவை, மெக்கானிக் கதவைத் திறக்கும்வரை வாயை மூடாதே. வாயை மூடாமல் இருப்பதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் தர வேண்டியதே இல்லை என்று வீட்டுக்காரர் சொல்வார்.

அப்படித்தான் ஒரு நாள் இந்த மையத்தின் ஆலோசகர் அவள் லைனில் வந்து சேர்ந்தார். மனம் கலங்கி வருகிறவர்களுக்கு மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லித்தருகிற அம்மணி, ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே தன் மூச்சைத் தொலைத்துவிட்டு விக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் வந்து சேர ரொம்ப நேரமானது. மறு வாரம் அவரே லிஃப்ட் கம்பெனிக்கு வந்து, அந்தக் குரல் யாருடையது என்று விசாரித்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். லிஃப்ட்டக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். "நீங்க ஏன் எங்க தொழிலுக்கு வரக் கூடாது?" என்று கேட்டார்.

அந்த வயதில் அவளிடம் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஊர்க் கதையைக் கேட்பதற்கு டிப்ளமோ ஒரு கேடா என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார், ஆனால் வகுப்பு இருந்த நாட்களில் எல்லாம் அடுப்படியைத் தானே பார்த்துக்கொண்டார். படிப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, அந்த ஆலோசகரிடமே பயிற்சிக்கு வந்துவிட்டாள்.

தன் பேச்சுக்காகத்தான் ஆலோசகர் தன்னைக் கூப்பிட்டார் என்று அவள் நம்பியிருந்தாள். வந்த பிறகு பார்த்தால், அந்தப் பேச்சுதான் அங்கே எல்லோருக்கும் தலைவலி. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், லிஃப்ட்டக்காவுக்கு லைன் அறுந்துவிட்டதுபோல இருக்கும். ஏதாவது சொல்லி நிரப்புவாள். யாராவது கண் கலங்கினால், துளி கன்னத்துக்கு வருவதற்குள் டிஷ்யூ பெட்டி அவர் மடியில் இருக்கும். "அவங்க அழறதுக்கு முன்னாடியே நீங்க தொடச்சிடறீங்க அக்கா" என்று ஆலோசகர் ஒருமுறை சொன்னார். லிஃப்ட்டக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கடைப் பெண் அவளுக்குக் கொடுக்கப்பட்ட முதல் ஆட்களில் ஒருத்தி. மூக்குக் கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் முகத்துக்கு ஏற்ற சட்டத்தைத் தேடித் தருவது அவள் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் ஆபரேஷனுக்கு அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் அப்போது வெளியூரில் இருந்தான். அப்பா ஆபரேஷன் அறையிலிருந்து உயிரோடு வரவில்லை. அன்றிலிருந்து அண்ணன் அவளிடம் பேசுவதில்லை. அண்ணன் ஒரு வார்த்தை பேசினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும் என்று அவள் சொன்னாள். அதற்குமேல் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதானே? லிஃப்ட்டக்காவுக்குக் கை பரபரத்தது. வீடு மாற்றுகிறவர்களின் சாமான் ஏற்றும் லாரிகளை அண்ணன் வைத்திருக்கிறான் என்பதும், அவன் கம்பெனியின் பெயரும் பேச்சுவாக்கில் வந்திருந்தன. மறுநாள் மத்தியானம் அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தப் பெயர் போட்ட லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. கதவில் எட்ட நின்றாலும் தெரிகிற அளவுக்கு போன் நம்பர். மாட்டிக்கொண்டவர் உள்ளே தவித்துக்கொண்டிருக்கும்போது மெக்கானிக்கின் நம்பர் கண்ணில் பட்டால் அவள் என்ன செய்வாள்? அதையேதான் செய்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கூப்பிட்டாள்.

அண்ணன் சொன்னதைக் கேட்டு முடித்தபோதுதான், ஆலோசனை அறையில் கேட்டது எதுவும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்ற முதல் பாடம் அவளுக்கு நினைவு வந்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் திரும்பி நடந்தே மையத்துக்குப் போய் ஆலோசகரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆலோசகர் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. அவளுக்குக் கொடுத்திருந்த ஆட்களை எல்லாம் அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணாடிக் கடைப் பெண்ணைத் தானே கூப்பிட்டு, எங்கள் பக்கம் தப்பு நடந்துவிட்டது, உங்கள் அண்ணனுக்கு போன் போயிருக்கிறது என்று சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் கத்தவில்லை. போன் செய்தவர் என்னிடம் நேரில் சொல்லட்டும் என்று மட்டும் சொன்னாளாம்.

ஆலோசகர் அறைக் கதவைத் திறந்து, வரவேற்பறையில் காத்திருந்த லிஃப்ட்டக்காவை உள்ளே கூப்பிட்டார். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள், நடுவே சின்ன மேசை, அதன்மேல் டிஷ்யூ பெட்டி. மூலையில் மூன்றாவதாக ஒரு பழைய நாற்காலி கிடந்தது. அதில் தான் உட்காரப்போவதாக ஆலோசகர் சொன்னார். லிஃப்ட்டக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நான் இதுக்கு லாயக்கா இல்லையா? பேசாதன்னா என்னால முடியலை. பேச்சுக்காகத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"பேச்சுக்காகன்னு யார் சொன்னா?"

"அன்னிக்கு லிஃப்ட்ல நான் அடிச்ச ஜோக்குக்குச் சிரிச்சீங்களே."

"ஜோக் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை அக்கா. சிரிச்சது உங்களுக்காக. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டீங்க." ஆலோசகர் மூலை நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுக்கப்புறம் நான் மெக்கானிக் எங்கேன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"'வண்டி வழியில நின்னுபோச்சு, எப்ப வருவார்னு எனக்குத் தெரியாது, ஆனா நான் போனை வைக்க மாட்டேன்'னு சொன்னீங்க. அப்புறம் ரெண்டு பேருமே பேசலை. நீங்க மூச்சு விடறது மட்டும் கேட்டுது. அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. நான் அதுக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன்."

லிஃப்ட்டக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இத்தனை மாசமாகத் தன்னிடம் இருப்பதாக நினைத்த சரக்கை விட்டுவிட்டு, இருப்பதே தெரியாத ஒன்றுக்காகவா இந்த அம்மணி தன்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தார்? கேட்க வாயெடுப்பதற்குள் வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

கண்ணாடிக் கடைப் பெண் வந்து உட்கார்ந்தாள். கைப்பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே பிடித்துக்கொண்டாள், எந்த நிமிஷமும் எழுந்து போகிறவளைப்போல. "சொல்லுங்க" என்றாள்.

பத்துப் பதினைந்து வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் லிஃப்ட்டக்கா. ஒன்றும் வரவில்லை.

"உங்ககிட்ட கேக்காம உங்க அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். இங்கே நீங்க நம்பிச் சொன்னதை வெளியே கொண்டுபோயிட்டேன். அது தப்பு."

கண்ணாடிக் கடைப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்துக்குச் சட்டம் தேடுகிறவள் பார்க்கிற பார்வை, நெற்றியில் ஆரம்பித்து மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு கேட்டாள்.

"அண்ணன் என்ன சொன்னான்?"

இதை லிஃப்ட்டக்கா எதிர்பார்த்திருக்கவில்லை. அவள் வாயில் சமாதானங்கள் வரிசை கட்டி வந்து நின்றன. லைன் சரியாகக் கிடைக்கவில்லை. வேலையில் இருந்தார். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும். எதைச் சொன்னாலும் அந்தப் பெண் நம்பிவிடுவாள், நம்பத்தான் ஆசைப்படுகிறாள், அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. லிஃப்ட்டக்கா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். ஆலோசகர் உதவிக்கு வரவில்லை.

"'எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்லை'ன்னார். இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாதுன்னார். வெச்சிட்டார்."

கண்ணாடிக் கடைப் பெண்ணின் உதடு ஒருமுறை கோணியது.

"அவன் நம்பர் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைத்தான் சொல்வானோன்னுதான் நாலு வருஷமா கூப்பிடலை. கூப்பிடாத வரைக்கும், கூப்பிட்டா பேசுவான்னு நெனச்சுக்கலாம் இல்ல? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

உள்ளே மாட்டிக்கொண்டு ஒருத்தி தவிக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பெண் வேண்டுமென்றே கதவைச் சாத்தி வைத்திருந்தாள். உள்ளே வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்ததை இவள் போய் நடுத்தெருவில் போட்டுவிட்டாள். இதற்கு மன்னிப்புக் கேட்டால்கூட அது தன் மன ஆறுதலுக்காகக் கேட்டதாகத்தான் ஆகும் என்று தோன்றியது.

கண்ணாடிக் கடைப் பெண் அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லாமல் அழுதாள். லிஃப்ட்டக்காவின் கை தானாக டிஷ்யூ பெட்டிப் பக்கம் போனது, பாதியில் நின்றது, திரும்பி மடிக்கு வந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

"இப்ப நான் என்ன பண்றது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எனக்குத் தெரியலை" என்றாள் லிஃப்ட்டக்கா. "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் எழுந்து போக மாட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டு, நின்றது. பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லிஃப்ட்டக்காவின் நாக்கு நுனியில் நூறு வார்த்தை வந்து முட்டியது. ஒவ்வொன்றாகப் பல்லுக்குள் கடித்து வைத்தாள். லைன் அறுந்துவிடவில்லை. எதிரே இருப்பவள் மூச்சு விடுவது கேட்டது. முதலில் விக்கி விக்கி, பிறகு நீளமாக. ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கடைப் பெண் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

நேரம் முடிந்ததும் எழுந்து, டிஷ்யூவைத் தானே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆலோசகரைப் பார்த்து, "அடுத்த வாரத்திலேருந்து நான் உங்ககிட்ட பேசறேன்" என்றாள்.

லிஃப்ட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்பார்த்ததுதான், என்றாலும் சுரீரென்று வலித்தது.

"இவங்க அந்த மூலையில உட்காரட்டும்" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் சொன்னதைக் காதால கேட்டவங்க இவங்க ஒருத்தர்தான். நான் பேசும்போது இங்கே இருக்கணும்."

ஆலோசகர் லிஃப்ட்டக்காவைப் பார்த்தார். இனி கொஞ்ச காலத்துக்கு மூலை நாற்காலி மட்டும்தான், தனியாக யாரையும் பார்க்க முடியாது, அதற்குச் சம்மதமா என்று கேட்டார். எவ்வளவு காலம் என்று லிஃப்ட்டக்கா கேட்டாள். தெரியாது என்றார் ஆலோசகர்.

படியில் இறங்கும்போது போன் மறுபடி துடித்தது. இந்தத் தடவை எடுத்தாள். என் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சார், எனக்கு இங்கேயே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது என்றாள். பெரிய பதவியா என்று மேலாளர் கேட்டார்.

"மூலையில சார். பேசக் கூடாதாம்."

"உங்களையா?" என்று கேட்டுவிட்டு, மேலாளர் மூச்சு முட்டச் சிரித்தார்.

அடுத்த வாரம் அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. கால் மட்டும் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடைப் பெண் பேச்சின் நடுவே ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.