ஆளில்லாத ஊரின் பஸ்

என் மனைவி நிஜ பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மாதமாகிவிட்டது. இப்போதெல்லாம் சாயங்காலத்தில் கம்ப்யூட்டருக்குள் ஒரு பஸ் ஓட்டுகிறாள்.

நடந்தது இதுதான். ஒரு பெரியவர் சிக்னலைப் பார்க்காமல் குறுக்கே வந்தார். இவள் பிரேக்கை மிதித்தும் லேசாக இடித்துவிட்டது. நாலே நாளில் அவர் எழுந்து நடந்துவிட்டார், தப்பு தன்னுடையதுதான் என்று போனிலும் சொன்னார். அவர் தேறிவிட்டார், இவள் தேறவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தால் நடுக்கம். டெப்போ மேனேஜர் தங்கமான மனுஷன், ஆனால் அவரும் எத்தனை நாள்தான் தாங்குவார்? வருகிற திங்கட்கிழமை விடிகாலையில் முதல் பஸ்ஸை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் கவுன்ட்டர், அப்புறம் பஸ் பக்கம் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டார். கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் அவளை உட்கார்த்திப் பார்க்க என் மனசு ஒப்பவில்லை.

கம்ப்யூட்டர், மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது விட்டுப்போன பழசு. அதோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கும் பெடலும், பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றும். பெடல் வழுக்காமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தோம். அந்த விளையாட்டில் ஒரு கடலோர ஊர் உண்டு. மரங்கள் நாம் கிட்டே போனால்தான் முளைக்கும். கடல் மடித்து வைத்த நீலப் போர்வையாகக் கிடக்கும். தெருக்களில் ஈ காக்காய் கிடையாது. நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே பயணியாகிவிடுவேன். ஜன்னல் திரை காற்றில் ஆட, அறையே மெல்லக் கிளம்பிப் போகிற மாதிரி இருக்கும். பாதி வழியில் தூங்கியும் போவேன்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவள் நிறுத்திக் கதவைத் திறப்பாள். கொஞ்ச நேரம் காத்திருந்து மூடுவாள்.

"யாருமே ஏறல, எதுக்கு நிறுத்துற?"

"ஸ்டாப்புன்னா நிறுத்தணும்."

ஒரே தொல்லை, திருப்பங்களில் பஸ் அப்படியே உறைந்துபோய், பிறகு சுவருக்குள் குதிக்கும். இப்படி ஓட்டினால் தைரியம் எப்படி வரும் என்று எனக்கு ஆத்திரம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் படம் சீராக வரும் என்றார் ரிப்பேர் கடைக்காரர். அவள் "எனக்கு இதுவே போதுங்க" என்றாள். நான் கேட்டால்தானே.

பழைய கார்டு ஒன்று வாங்கி வந்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அது அடங்கவில்லை, ஒரு தகரம் இடித்தது. பல்செட் செய்து பிழைக்கிற என்னிடம் ராவுகிற கருவிக்கா பஞ்சம்? அறுத்துத் தள்ளிவிட்டு உட்கார வைத்தேன். அதற்கான சாஃப்ட்வேரையும் ஏற்றினேன். கார்டின் விசிறி ஜம்மென்று சுற்றியது, படம் மட்டும் துளிகூட மாறவில்லை. கழற்றினேன், துடைத்தேன், மறுபடி சொருகினேன். கடைக்காரரைப் போனில் பிடிபிடியென்று பிடித்தேன். "கார்டு நல்ல கார்டு சார்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை. மகள் வீடியோவில் வந்தாள்.

"பெட்டியோட பின்பக்கத்தக் காட்டுங்கப்பா."

காட்டினேன்.

"மானிட்டர் ஒயரு இன்னும் பழைய இடத்துலயே இருக்கே. புது கார்டுல சொருகவே இல்லையா?"

பக்கத்தில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதற்காக இன்னும் நாலு ஒயரைத் தப்பாகச் சொருகியிருப்பேன்.

ஒயரை மாற்றினேன். திரை இருண்டு, பிறகு விளையாட்டே புதுக் கார்டைக் கண்டுகொண்டு படத்தின் தரத்தையெல்லாம் தானாகக் கூட்டி வைத்துக்கொண்டது. ஊர் விழித்தது. கடலுக்கு அலை வந்தது. மரங்கள் தூரத்திலேயே நின்று இலையசைத்தன. அங்கேயும் மழை பெய்து, தார் ரோட்டில் கடைவிளக்குகள் கலைந்து மிதந்தன. நம் ஜன்னல் எது, பஸ் ஜன்னல் எது என்று எனக்கே ஒரு கணம் குழம்பியது. "எப்படி?" என்று கேட்டபடி பெருமையாகத் திரும்பினேன்.

அவள் கைகள் மடியில் கிடந்தன.

"ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

குடை பிடித்த ஒருத்தி, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேப்பரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர்.

"ஊருன்னா ஆளு இருக்கமாட்டாங்களா?"

"இத்தன நாளா இல்லைங்க. அதனாலதான் ஓட்டினேன்."

பழைய கம்ப்யூட்டருக்கு மனிதர்களை வரையத் தெம்பில்லை. அந்தத் தெம்பின்மைதான் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை, இன்றைக்குப் போய் நானே அவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

"பழையபடி மாத்திடறேன்" என்று பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன்.

"இருங்க."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் நனைந்துகொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார்கள். அவள் கையைத் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்தாள். பிளாஸ்டிக் கடகடவென்று மேஜையில் அடித்துக்கொண்டது.

பஸ் நகர்ந்தது. ஸ்டாப்பை நெருங்கும்போது தலையில் பேப்பர் கவிழ்த்தவர் எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே ஓடி வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். செங்கல் தரையில் கரகரவென்று நகரும் சத்தம் கேட்டது, வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பஸ் நின்றிருந்தது. அவர் முன்னால் கடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். அவள் கதவைத் திறந்தாள். ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசி ஆள் உள்ளே வரும்வரை காத்திருந்து மூடினாள்.

கடைசி ஸ்டாப்வரை ஓட்டினாள். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு, வழக்கம்போலத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். நாற்காலியில் நான்தான் இருந்தேன்.

"முதல் பஸ்ஸுக்கு அலாரம் வெச்சிடுங்க" என்றாள்.

"கை இன்னும் நடுங்குதே."

"நடுங்கட்டும். அங்க ஆளுங்க நிப்பாங்கல்ல."