எழுத்துகளுக்கு ஊற்றிய தேநீர்

தர்மசாலாவில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மொழிபெயர்ப்பு இல்லத்து லாவாங் மஞ்சள் துணியை அவிழ்த்து ஏட்டை விரித்ததும், அதிலிருந்த எழுத்துகளெல்லாம் எழுந்து போய் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டன. திபெத்தின் செர்லுங் பள்ளத்தாக்கின் மருந்துகளும் அறுவடைப் பாட்டுகளும் கொண்ட ஏடு அது. இன்னொரு பிரதி உலகத்தில் கிடையாது. பெர்லினில் பல வருடம் படித்துத் திரும்பிய லாவாங், உள்ளே வரச்சொல்லி ஒருமுறை மரியாதையாகக் கேட்டார். தட்டைத் தலைகளை ஆட்டி எழுத்துகள் மறுத்தன. அவர் துணியைக் கட்டினார். அவை ஏட்டுக்குத் திரும்பின. மறுநாளும் அதே கதை. மேல் மடத்திலிருந்து ஒரு லாமா வந்து மந்திரம் ஓதினார். முடியும்வரை எழுத்துகள் பக்தியோடு உள்ளே நின்று கேட்டுவிட்டு, மறுபடியும் வாசலுக்குப் போய்விட்டன. இதற்குள் பூச்சி ஏட்டின் ஓரத்தைத் தின்றது. சாரலில் நின்றதில் இருமல் மருந்துக்கான வேரின் பெயர் கரைந்தே போயிற்று. இந்த மழைக்காலம் முடிவதற்குள் செர்லுங்கே கரைந்துவிடும் என்று லாவாங் சாப்பாட்டை விட்டார்.

அவரோடு வேலை செய்யும், எல்லாரும் அனி-லா என்று மரியாதையாக அழைக்கும் பிக்குணி யாங்ஸோம் ஸ்பிதி மலைப்பக்கத்திலிருந்து திரும்பியபோது, மொழிபெயர்ப்பைப் பற்றி நினைக்கவே இல்லை. நனைந்துகொண்டு நின்றவர்களைத்தான் பார்த்தார்.

"ஐயோ, இப்படி நனையுறீங்களே. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிங்க."

எழுத்துகள் தலையாட்டின.

"அதுங்க வராது, அனி-லா. நான் கேட்டுப் பார்த்துட்டேன்" என்றார் லாவாங்.

"எத்தன தடவ?"

"தினம் ஒரு தடவ. வேண்டாம்னு சொன்னவங்கள எப்படி வற்புறுத்துறது?"

"ஒரு தடவ கேட்டா நம்ம ஆளு எவன் உள்ள வருவான்? உங்க வீட்டுக்கு வந்தப்பல்லாம் நான் ஏன் பட்டினியா திரும்பினேன்னு இப்பத்தான் புரியுது, லாவாங்-லா."

அவர் வெண்ணெய்த் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வாசலில் வைத்து, இரண்டாம் முறை அழைத்தார். மறுத்தன. மூன்றாம் முறை, "எனக்காக" என்றார். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, குடித்து, வெண்ணெய் மினுமினுக்க ஏட்டில் உட்கார்ந்தன. மந்திரத்துக்கு வேலை உள்ள நேரம் உண்டு. ஒரு கிண்ணம் தேநீர் போதுமான நேரமும் உண்டு.

லோசார் புத்தாண்டுக்குள் ஆங்கிலப் பிரதி அச்சானது. கரைந்த பெயரின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. இருமுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வசந்தத்தில் புகார்கள் வந்தன: புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எழுந்து கதவுக்கு வெளியே போய் நிற்கின்றனவாம். மொழி மாறியும் மரியாதை மாறவில்லை என்று லாவாங்குக்குத் தாளாத மகிழ்ச்சி. தேநீர் ஊற்றி இன்னும் இருமுறை அழையுங்கள் என்று எல்லாருக்கும் தன் கையாலேயே எழுதினார். அப்படியே செய்ததாகவும், எழுத்துகள் வந்து உட்கார்ந்துவிட்டதாகவும் எழுதிய டெல்லிப் புத்தகக் கடைக்காரர் ஒருவர், ஆனால் கிண்ணம் காலியாகிவிட்டது, மேலும் ஊற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருக்கக்கூடாது என்று இல்லத்திலிருந்து பதில் போயிற்று.