புளியமரத்து ஆணி

கோதண்டம் அடித்த அந்த ஆணியை அவன் கையாலேயே பிடுங்க வைக்காமல் விடமாட்டேன் என்று அந்தப் புளியமரத்தடியிலேயே முடிவு செய்துவிட்டேன். அது எண்பத்தொன்பதாம் வருஷம், வைகாசி மாதம்.

நானும் அவன் தங்கை வரலட்சுமியும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்தோம். அவள் காலர், நான் கை. மூன்று வருஷமாக ஒருத்தியை விட்டு ஒருத்தி சாப்பிட்டதில்லை. கோவில்பதாகையில் அவர்கள் வீட்டில் ஒருநாள் எங்களை ஒரே பாயில், அவன் பார்க்கக்கூடாத நெருக்கத்தில் பார்த்துவிட்டான். தங்கைக்கு ஒரு பெண்மேல் ஆசை என்று ஊரில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னான். அது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரி வேப்பங்கொத்தால் அவளை அடித்தார். "போறேன்னு சொல்லு!" என்றார். அவள் சொல்லவில்லை. பிரம்பை எடுத்தார். சொன்னாள். உச்சிமயிரில் ஒரு கற்றையை வேரோடு பிடுங்கிக் கொடுக்க, கோதண்டம் அதை மரத்தில் வைத்து ஆணி அடித்தான். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், "இந்தப் பக்கம் வந்தே, உன்னியும் சேத்து அடிப்பேன்" என்றான். கையில் சுத்தியல் இருந்தது.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினான். சென்னீர்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்தான். மண்ணெண்ணெய் வரிசையில்தான் அவளைப் பார்க்க முடிந்தது. எனக்கு முன்னால் நின்றவள் திரும்பாமலே பேசினாள்.

"புஷ்பா, பேயி பேசுனா அடிக்கிறானுங்க. சாமி பேசுனா இன்னா பண்ணுவானுங்க?"

"கால்ல வுழுவானுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஆடி மூன்றாம் ஞாயிறு, கோயிலில் கூழ் ஊற்றும் நாள். பம்பை ஒலித்ததும் வரலட்சுமி கூந்தலை அவிழ்த்துவிட்டாள். ஆடினாள் பாருங்கள், பூசாரியே இரண்டடி பின்வாங்கினார். கற்பூரத்தைக் காட்டி, "யாரும்மா வந்துகீறது?" என்று கேட்டார்.

"என்னிய யாருன்னாடா கேக்கறே? என் கோயில்லயே வச்சு என் பொண்ண அடிச்சீங்களே! அவ முடியில ஆணி அடிச்சவன் எங்கடா?"

கோதண்டம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"புடுங்கு."

யாரோ கட்டிங் பிளேயரை நீட்டினார்கள். "கையால!" என்று கத்தினாள். ஆணி பாதி வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அரைமணி நேரம் ஆனது. நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

"இவ கழுத்துல தாலி ஏறுனா, கட்டுனவன் ரத்தம் கக்குவான். இவளுக்குத் தொணை புஷ்பா. அவ காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துடா."

ஊற்றினான். அவன் ரத்தமும் கலந்து என் காலில் ஓடியது.

சென்னீர்குப்பத்துக்காரர்கள் மறுநாளே தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் நாங்கள் இருவரும் வீடெடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அம்மன் சும்மா விடுவாளா!

ஒவ்வொரு ஆடியிலும் கோதண்டம் கூழ்ப்பானையோடு வருவான். தங்கை காலில் விழுந்து, "தாயே, என்னிய மன்னிச்சிட்டியா?" என்று கேட்பான். இந்த வருஷம் தலை நரைத்து வந்திருந்தான். அழுதேவிட்டான்.

வரலட்சுமி என்னைப் பார்த்தாள். அவள் உச்சியில் இன்னமும் முடி சரியாக முளைக்காத அந்த இடத்தைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் அவன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"அடுத்த ஆடிக்கு வாடா" என்றாள்.