நாங்கள் ஜெயித்த உலகக் கோப்பை

மனித குலத்திலேயே பழைய ஞாபகங்களால் பாதிக்கப்படாத ஒரே ஆள் நான்தான். இது தற்பெருமை இல்லை, மருத்துவத் தகவல். வலையில் பழைய வீடியோ கேம் படங்களுக்குக் கீழே கருத்து எழுதி மூக்கைச் சிந்துகிறவர்களைக் கிழித்து எங்கள் கல்லூரி இதழில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். கல்லூரி முதல்வரே படித்துச் சிரித்தாராம். அவர் வேறெதற்கோ சிரித்திருக்கலாம் என்பது பொறாமைக்காரர்களின் வாதம்.

அதனால், அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து எங்கள் பழைய கேம் பெட்டியை இழுத்தபோது அவளை அனுதாபத்தோடு பார்த்தேன்.

அக்காவுக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மெழுகில் பல் செதுக்குவாள். இரண்டு மாதத்துக்கு முன் கத்தி வழுக்கி வலது கட்டைவிரலின் தசைநார் அறுந்துவிட்டது. தைத்து, கட்டும் பிரித்தாயிற்று. விரல் மட்டும் இன்னும் வேலைநிறுத்தத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக் காட்டும்படி முதலாளி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் அவள் மேசையில் வேறு ஆள். அமுக்கிப் பழக மருத்துவர் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். அக்காவுக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"இதுல அழுத்திப் பிடிச்சு, பிடிச்சு விடணும்ல. அதான் எடுத்தேன்" என்றாள்.

ஓர் ஆள் பலகைமேல் நின்றபடி பனிமலையில் சறுக்கி வருவான். கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்து, மேட்டின் விளிம்பில் விட்டால் தாவுவான். முன்னாடியே விட்டால் மூக்கு உடையும், தாமதித்தால் பள்ளம். உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் இந்த ஆட்டத்தை வாங்கியதாகத் தெரியவில்லை. திரையில் வரும் எழுத்தெல்லாம் எங்களுக்குத் தெரியாத மொழி. பலகைக்காரனுக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்தோம், அவனுக்கும் எங்கள் சித்தப்பாவுக்கும் ஒரே தொப்பை. தொடக்கத்தில் வரும் பட்டியலில் முதல் வரியை அமுக்கினால் ஆட்டம் தொடங்கும். அதுதான் உலகக் கோப்பை என்று முடிவுகட்டி ஆறு வருடம் ஆடினோம். ஆறு வருடமும் அக்காதான் சாம்பியன். இரண்டாம் இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது சித்தப்பா விழுந்தார். விழுந்துகொண்டே இருந்தார். அக்காவின் விரலுக்கு அழுத்த வந்தது, விட வரவில்லை. பொழுது போகாமல் நான் கைபேசியைத் திரைக்கு நேரே நீட்டி எழுத்துகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். இரண்டாவது வரி, போட்டி. நாங்கள் அமுக்கிய முதல் வரி, பயிற்சி.

ஆறு வருடம் நாங்கள் ஜெயித்தது, புதிதாக வருகிறவர்களுக்குத் தாவச் சொல்லிக்கொடுக்கும் குட்டிச் சரிவு. இப்படி ஒரு செய்தி கிடைத்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன மகானா?

"சாம்பியன் அவர்களே, இது வெறும் பிராக்டீஸாம்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு இப்ப அதுதானடா வேணும். போனை வச்சுட்டு, சித்தப்பா எத்தனை வாட்டி தாண்டுறார்னு எண்ணு."

எண்ணினேன். திங்களன்று மூன்று முறை. புதனன்று பதினெட்டு. வியாழன் மாலை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், அவர் விழவே இல்லை. அவர் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தபோது அக்கா திரையைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி மதியம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் மெழுகுப் பல், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. கீழே எழுதியிருந்தாள்: "முன்பல் செதுக்க இன்னும் வரல. இப்போதைக்குக் கடைவாய்ப்பல் மட்டும் பண்ணச் சொல்லிட்டார். மேசை என்னோடதுதான்."

அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்த ஆட்டத்தின் பெயரைக் கைபேசியில் படமெடுத்து வலையில் தேடினேன். ஒரே ஒரு பக்கம் கிடைத்தது. அட்டைப்படம், அதன் கீழே கருத்துகள் பூஜ்யம்.

முதலில் ஒரு ஜோக் எழுதினேன். அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "முதல் சரிவின் இரண்டாவது மேட்டில் காற்றுச் சத்தம் நிற்கும். அப்போது விரலை எடுங்கள். எங்க அக்கா அப்படித்தான் தாண்டுவா."

பெயர் போடாமல் அனுப்பினேன்.