குழாய் பார்த்த பக்கம்

மீரான் மைதீனுக்கு மரம் ஏறிப் பழக்கமில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் அவர் ரேடியோ செட் வாடகைக்கு விட ஆரம்பித்துப் பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் மரமேறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவன் ஞானதாஸ். மீரான் கீழே நின்று பாட்டரியை மாட்டுவார், ஒயரை நீட்டுவார். அவ்வளவுதான்.

ஞானதாஸ் போய் இருபது நாள். மடை திருப்பப் போனவன் வரப்பில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பது வயசுகூட ஆகவில்லை.

வேதகிரி வீட்டுக் கல்யாணம் முன்பே ஒப்புக்கொண்டது. கரண்டு வராத ஊர். ஞானதாஸின் ஊரும் அதுதான். அவன் இடத்தில் வேறு ஆள் வைக்க மனம் வரவில்லை. மீரான் கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தானே புளியமரத்தில் ஏறினார்.

அப்போதுதான் விடிந்திருந்தது. தை மாதத்துப் பனி. கிளையில் உட்கார்ந்து பார்த்தால் தரை இல்லை. வயலும் ஊரும் பாலுக்கு அடியில் கிடந்தன. பக்கத்துக் கிளையில் ஞானதாஸ் உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடியிருந்தான்.

"பிடில கேளு பாய். மோரு ஊத்தறாப்பல ஊத்தறான்."

புது ரிக்கார்டு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், வேலை விட்டதும் மூன்று மைல் நடந்து கடைக்கு வருவான். கல்யாணச் சாப்பாட்டில் கை வைக்கமாட்டான். இலையோடு மடித்து மகள்களுக்கு எடுத்துப் போவான். மீரானின் மனைவி தாஜுன்னிசா பிரசவித்துப் படுத்திருந்தபோது, யாரும் கேட்காமலே பத்து நாள் தண்ணீர் எடுத்து ஊற்றினான்.

மீரான் மறுபடி பார்த்தபோது பக்கத்துக் கிளையில் பனிதான் இருந்தது.

எப்படிக் கட்டினார், எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. முட்டி சிராய்த்திருந்தது. நாதஸ்வர ரிக்கார்டை வைத்து ஊசியை இறக்கினார். சத்தம் பனிக்குள் நுழைந்து மெதுவாகப் போயிற்று.

வேதகிரி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா பாய், கல்யாணம் இங்க நடக்குது, கொழா சேரிய பாத்துக்கினு கீது? அங்க யாருக்குத் தாலி கட்றாங்க?"

மீரான் நிமிர்ந்தார். இந்த ஊரில் கட்டும்போதெல்லாம் ஞானதாஸ் வைக்கிற பக்கம். கல்யாண வீட்டார் கேட்டால், "மரத்துக் கெள அப்பிடித்தான் வளையுது நைனா" என்பான். தன் தெருக்காரர்களும் நாலு பாட்டுக் கேட்கட்டும் என்றுதான் வைக்கிறான் என மீரான் நினைத்திருந்தார். அந்தப் பக்கம் முதல் வீடு அவனுடையது. இழவு விழுந்து மாதம் ஆகவில்லை. அந்த வீட்டு வாசலில் கல்யாண மேளத்தைக் கொட்டிவிட்டோம்.

ஊசியைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை. வரப்பில் ஓடினார்.

"யோவ் பாய்! எங்க ஓடறே?"

மார்த்தாள் வாசல் அடுப்பில் சுள்ளி செருகிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அவளை இப்போதுதான் தனியாகப் பார்க்கிறார்.

"மன்னிச்சுக்கம்மா. கை தெரியாம இந்தப் பக்கம் திருப்பிட்டுது. எழவு வூட்டுல போய்..."

"யாரு ஏறனது?"

"நான்தான்."

அவள் சிராய்த்த முட்டியைப் பார்த்தாள்.

"அவுரு மரத்துல கீறாருன்னா எனக்குக் கையே ஓடாது பாய். எறங்கனப்புறந்தான பாட்டு போடுவீங்க? பாட்டு கேட்டா மனுசன் எறங்கிட்டாருன்னு தெரியும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் வெப்பாரு."

பதினோரு வருஷம் கூடவே இருந்த மனிதன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இன்னிக்கும் பாட்டு கேட்டுச்சு" என்றாள் மார்த்தாள். "அடுப்ப பத்த வெச்சுட்டேன்."

மீரான் தலையைக் குனிந்துகொண்டார். அங்கே ரிக்கார்டு முடிந்துவிட்டது. ஊசி உரசும் சத்தம் வயலைத் தாண்டி வந்தது. அதன் மேல் வேதகிரியின் குரல்.

"கத்தறாரு. போங்க பாய்."

"கொழாய அந்தப் பக்கம் திருப்பிடறேம்மா."

"அதுக்கு மறுக்கா ஏறணுமே."

"ஏறணும்."

"எறங்கனதும் பாட்டு போடுங்க. திருப்பி வெச்சாலும் லேசா கேக்கும்."

மீரான் வரப்பில் நடந்தார். பனி இன்னும் விலகவில்லை. மார்த்தாள் அடுப்பை விட்டு எழுந்து, மரம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள்.